மூன்று முறை பிடித்துத் தைத்த பேண்ட்

செங்கம் ரோட்டில் என் முகம் ஒன்பது மாதம் தொங்கியது. ஒரு பக்கம் கட்சிக்காரர்களின் முகங்கள், இன்னொரு பக்கம் காதுகுத்து விழாக் குழந்தையின் முகம், நடுவில் நான். பத்தடிக்கு எட்டடி. இடப்பக்கம் என் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ. வலப்பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மொட்டைத் தலையோடு வாயைத் திறந்தபடி நான் தூங்குகிற படம். இரண்டுக்கும் நடுவில் சிவப்பு எழுத்தில், ரத்தப் புற்றுநோயோடு போராடும் நம் சகோதரியைக் காப்போம் என்று. தூங்கும்போது எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், நான் கண் அசந்ததும் போனை எடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயையாவது மூடியிருப்பேன்.

இதை எழுதினால் நன்றி கெட்டவள் என்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த பேனர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இல்லை. என் மருந்துக்கும் எனக்கு ஏற்றிய ரத்தத்துக்கும் நான் படுத்த கட்டிலுக்கும் காசு கொடுத்தது இந்த ஊர். பூக்காரி கொடுத்தாள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒரு நாள் ஓட்டியதை முழுசாகக் கொடுத்தார்கள். என்னிடம் தொளதொள பேண்ட் தைத்துக்கொள்ளும் வெளிநாட்டுப் பெண்கள் தங்கியிருந்த இடத்தில் துண்டு ஏந்தி வசூல் செய்தார்கள். இப்படிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனவர்கள் யார்மேலும் எனக்குக் கோபம் கிடையாது.

ரமணாசிரமம் பக்கம் ஒரு சந்தில் எனக்குத் தையல் கடை. வீட்டில் நானும் அம்மாவும்தான். முப்பத்தெட்டாவது வயதில் காரணமே இல்லாமல் அலுப்பு வந்தது. கையில் காலில் நீலம் நீலமாகத் தடம். பல் விளக்கினால் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினார். மறுநாளே சென்னைக்குப் போய்விட்டோம்.

நாங்கள் சென்னையில் கிடந்தபோது இங்கே தெருவில் ஒரு கமிட்டி உருவாகிவிட்டது. மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் அண்ணன் தலைவர். நல்ல மனுஷன். யார் வீட்டில் சாவு என்றாலும் பந்தல் போட முதலில் போய் நிற்பவர். நல்லது செய்யும்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பவர். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் மேசை போட்டு, உண்டியல் வைத்து, மைக் கட்டி, கூட்டத்தைப் பார்த்து என்னைப் பற்றிப் பேசினார். பேசிப் பேசி உணர்ச்சி தலைக்கேறி, மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, "எங்க தங்கச்சி பொழைச்சு வந்தா பன்னெண்டு பௌர்ணமி வெறுங்காலோட மலை சுத்துவா" என்று மைக்கிலேயே வேண்டிக்கொண்டார். அதற்குப் பிறகு உண்டியலில் காசு விழுந்த வேகமே வேறு என்று அம்மாவிடம் போனில் சொன்னாராம். எனக்கு அன்று நூற்று மூன்று காய்ச்சல். என் காலை எடுத்து யாரோ கடவுளுக்கு எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

பிள்ளைக்கு மொட்டை போடுவதாகப் பெற்றவர்கள் வேண்டிக்கொள்வதில்லையா என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது. எனக்கு முப்பத்தெட்டு.

பிழைத்து வந்தேன். முடி சுருட்டை சுருட்டையாக முளைத்தது. டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "கூட்டத்துக்குள்ள போகாதீங்க. அவங்களுக்கு வர்ற சாதாரண சளி உங்களைச் சாய்ச்சிடும்." பௌர்ணமிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் கழுத்தில் படும். நான் தலைவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அடுத்த பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னால் வந்து நின்றார். "குடுத்தவங்க கேக்குறாங்கம்மா. நான் மைக்ல சொல்லிட்டேன். ஒரு சுத்தாவது சுத்திடேன், மெதுவா."

"வேண்டிக்கினது நீங்கதானேண்ணா. நீங்க சுத்துங்க" என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது அவருக்கு.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. கடைக்கு ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள் துணியைப் பிரிப்பதற்கு முன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "நல்லா தேறிட்டியே, எப்ப மலை சுத்தப் போறே?" பஜ்ஜிக் கடையில் நான் நின்றால், "எண்ணெ பலகாரம் சாப்புடலாமா நீ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கடைக்குப் புதிதாக ஒரு மின்விசிறி வாங்கினேன். அதற்கு ஒருத்தி, "பரவால்லியே, ஃபேன் வாங்குற அளவுக்கு வந்துட்டே" என்றாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், "எங்க காசுதான் உன் ஒடம்புல ஓடுது." சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அவள் கொடுத்துவிட்டுப் போன ரவிக்கையை அன்றைக்கு நான் தைக்கவில்லை.

நான் வாங்கிய காசை வேலை செய்து அடைத்துவிட முடிந்திருந்தால் இரவு பகலாக மெஷினை மிதித்திருப்பேன். அது கடன் இல்லை, தர்மம் என்றார்கள். கடன் என்றால் கொடுத்து முடித்துவிட்டு எழுந்து போகலாம். இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? வாயில் விஷம் ஊறிப்போனது எனக்கு. யார் என்ன கேட்டாலும் முதலில் கடித்துவிட்டுப் பிறகுதான் ஆளைப் பார்ப்பேன். தெருவில் என்னைக் கோபக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் கேள்விகள் கொஞ்சம் கம்மியாயின.

எங்கள் சந்தின் கோடியில் ஒரு ஓட்டு வீடு. அதில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம், பிள்ளைகள் இல்லை. தம்பி மட்டும் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். என்னிடம் வந்தால் கூலியைச் சரியான சில்லறையாக எண்ணி மேசைமேல் வைப்பார். இத்தனை வருஷம் சில்லறை இல்லை என்று ஜனங்களோடு சண்டை போட்ட மனுஷன், இனி யாரும் தன்னோடு அந்தச் சண்டை போடக் கூடாது என்று முடிவு செய்தவர் போல இருக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் காக்கி பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய யூனிஃபார்ம் பேண்ட், வீட்டில் அதைத்தான் போட்டுக்கொள்வார். "இடுப்பு லூசா இருக்கும்மா. கொஞ்சம் புடிச்சுக் குடு." பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஐப்பசி அடைமழையில் அதே பேண்ட்டோடு வந்தார். மறுபடியும் பிடித்தேன். பின் தையலில் துணி மடிந்து மடிந்து தடித்துப்போயிருந்தது. தை மாதம் மூன்றாம் முறையாக வந்தார். அன்றைக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள். தலைவர் வந்து பேசிவிட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் தலைக்குள் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் டேப்பைச் சுற்றி அளவெடுத்தேன். அவர் கூலியை எடுத்து வைத்துவிட்டும் போகாமல் நின்றார். வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மருந்து ஏத்துனாங்களேம்மா உனக்கு. வாந்தி ஜாஸ்தியா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"போன அன்னைக்கே திரும்பி வந்துடலாமா, இல்ல அங்கயே தங்கணுமா?"

"தங்கணும்."

"தொணைக்கு ஆள் இல்லாம தனியா போனா சேத்துக்குவாங்களா?"

அவ்வளவுதான். என் கையிலிருந்த டேப்பை மேசையில் அடித்தேன். "எதுக்கு சார் இதெல்லாம்? நீங்களும் குடுத்தீங்கன்னு தெரியும். குடுத்த காசு எங்க போச்சு, நெசமாவே அங்க தங்கினாளா, நெசமாவே வாந்தி எடுத்தாளானு பாக்க வந்தீங்களா? வேணும்னா ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. மலை சுத்தும்போது உங்க பங்குக்கும் சேத்துச் சுத்திட்டு வரேன்."

அவர் முகத்தில் கோபமே வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா" என்று மட்டும் சொன்னார். செருப்பைக் கால் தேடித் தேடி மாட்டிக்கொண்டு போனார். பேண்ட்டை வாங்க அவர் திரும்பி வரவேயில்லை. நானும் ரோஷத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

பங்குனியில் இறந்துபோனார். வீட்டுக்குள்ளேயே, தனியாக. பால் பாக்கெட் ரெண்டு நாளாக வாசலில் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்தார்கள். தம்பி வந்து காரியங்களைச் செய்தார். பதினாறாம் நாள் முடிந்து இரும்புப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு ஃபைல் இருந்தது. நான் போன அதே ஆஸ்பத்திரி, அதே நீல அட்டை. ரத்தப் புற்றுநோய். ஒரே ஒரு முறை போயிருக்கிறார், ஆவணி மாதம். சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம், கூடத் தங்க ஒரு ஆளோடு வரவும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அதற்கப்புறம் அந்த ஃபைலில் ஒரு தாள்கூடச் சேரவில்லை.

தம்பி அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனாம்மா? எனக்கு அறுவடைனு நெனச்சுக்கினாரோ என்னவோ." அவரோடு ஒரு வக்கீலும் வந்திருந்தார். கண்டக்டர் மாசி மாதம் உயில் எழுதி வைத்திருந்தாராம். வீட்டை விற்று, வருகிற பணத்தை அந்த ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்க்காகத் தனியாக வருகிறவர்களுக்குத் துணையாள் வைக்கக் கொடுக்க வேண்டும். தன் பெயரோ படமோ எங்கேயும் போடக் கூடாது. பணத்தால் உதவி பெறுகிறவர்களின் படத்தையும் யாரும் கேட்கக் கூடாது. தனக்காக யாரும் எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது. இதை நிறைவேற்றும் பொறுப்பு தையல் கடை அம்மாவுக்கு.

"எனக்கா?" என்றேன்.

வக்கீல் கொஞ்சம் தயங்கினார். "நானும் கேட்டேம்மா, ஏன் அவங்களைப் போடறீங்கனு. அந்தம்மா கோபக்காரி, யாரையும் கிட்ட விடாது, அதான் சரின்னாரு."

தனியாகப் போனால் சேர்த்துக்கொள்வார்களா என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில், மருந்துக் கவுண்ட்டரைத் தாண்டி ஒரு சின்ன அறை. அங்கே ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். ஆள் துணை இல்லாதவர்களுக்கு ஆள் ஏற்பாடு செய்வதுதான் அவர் வேலை. நான் படுத்திருந்த வார்டிலேயே பக்கத்துக் கட்டில்காரருக்கு அப்படித்தான் ஒருத்தர் வந்து சோறு ஊட்டினார். "கீழ ஒரு அம்மா இருப்பாங்க சார், அவங்களைப் பாருங்க." இவ்வளவு சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் ஊசியில் நூல் கோர்க்கிற நேரம்கூட ஆகாது. பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். கதவை உடைத்து எடுக்கிற மாதிரி செத்திருக்க மாட்டார்.

என்மேலேயே எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்த நேரத்தில் கமிட்டித் தலைவர் அதற்கு ஒரு இடம் காட்டினார். உயில் விஷயம் எப்படியோ அவருக்கு எட்டிவிட்டது. கண் கலங்கி வந்தார். "எப்பேர்ப்பட்ட மனுஷன்! நம்ம தெருவுல இருந்துக்கினே நமக்குத் தெரியலையே. சித்ரா பௌர்ணமிக்கு விழா வச்சிடலாம்மா. கமிட்டி மூலமா பணத்தைக் குடுத்தா இன்னும் நாலு பேரு எழுதி வைப்பான்." கூடாது என்று அவர் எழுதியிருக்கிறார், அண்ணா, என்று உயிலின் நகலைக் காட்டினேன். "அது அடக்கத்துல எழுதினதும்மா. நல்லது செஞ்சவன் பேரை மறைக்கிறது பாவம்" என்றார்.

நான் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் கடை திறக்க வந்தால், எதிர்ச் சுவரில் பேனர். பஸ் பாஸில் இருந்த கண்டக்டரின் முகத்தைப் பெரிதாக்கி, தாடை ஒட்டிப்போனதை நிரவி, நல்ல சிவப்பாக்கி, கழுத்தில் கம்ப்யூட்டர் மாலை போட்டிருந்தார்கள். ரத்தப் புற்றுநோயால் மறைந்தும் வாழும் வள்ளல். கீழே கமிட்டி ஆட்கள் வரிசையாக. ஓரத்தில் சின்னதாக நான், அதே வாயைத் திறந்த மொட்டைத் தலை.

கடைக்குள் போய்ப் பெரிய கத்திரிக்கோலை எடுத்து வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, மேல் கயிறு இரண்டையும் அறுத்தேன். பேனர் மடங்கி விழுந்தது. அவர் முகத்தை முதலில் வெட்டி எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை நீளவாக்கில் கிழித்தேன். தடித்த ஷீட், கை வலித்தது. தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் நிதானமாக, "வேணாம்னா அந்த ஷீட்டைக் குடும்மா, மாட்டுக் கொட்டாய்க்கு ஆவும்" என்றார். கிழித்ததையெல்லாம் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

தலைவர் ஓடி வந்தார். எப்போதும் சத்தம் போடாத மனுஷனுக்கு அன்று குரல் உடைந்தது. "நன்றின்னு ஒண்ணு வேணாமா உனக்கு? படம் இல்லாம எவன் உண்டியல்ல காசு போடுவான்? உன் மொட்டைத் தலை அங்க தொங்கலேன்னா நீ இன்னைக்குக் கத்திரிக்கோலு புடிப்பியா?"

அவர் கேட்டது நியாயம். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"புடிச்சிருக்க மாட்டேண்ணா. செத்திருப்பேன். அது நெசம். ஆனா அதே படத்தை ஒம்போது மாசம் பாத்துக்கினு போனதாலதான் அவரு வாயைத் தொறக்கல. அதுவும் நெசம். அவரை மைக்ல போட்டு, பன்னெண்டு பௌர்ணமி சுத்தச் சொல்லி, பஜ்ஜி தின்னா கேள்வி கேப்போம்னு அவருக்குத் தெரியும். சொந்த வீட்டை வச்சிக்கினு, சோறு எறங்காம, வாயை மூடிக்கினு செத்துப்போனாரு. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு நம்மகிட்ட, படம் போடாதீங்கனு. அதையுமா குடுக்க மாட்டீங்க?"

அவர் அறுந்து கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். விழா நடக்கவில்லை. தம்பி எந்தத் தகராறும் செய்யாமல் கையெழுத்துப் போட, வீட்டை விற்று, பணத்தைக் கொண்டுபோய் அந்தக் கீழ்த்தளத்து அறையில் நானே சேர்த்தேன். அங்கிருந்த அம்மா ரசீது எழுத யார் பெயர் என்று கேட்டார். பெயர் வேண்டாம் என்றேன். இப்போது சித்திரை போய் ஆனி வந்துவிட்டது. பம்பு கடை அண்ணன் பௌர்ணமி தோறும் வெறுங்காலோடு மலை சுற்றுகிறார். முட்டி வீங்கிப்போய் மறுநாள் கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

அந்தத் தெருவில் அவ்வளவு பேசினேனே, அதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். கூட்டத்தின் முன்னால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அன்று மத்தியானம் கடைக்குள் வந்து அளவு நோட்டைத் தேடி எடுத்தேன். நான் யாருக்குத் தைத்தாலும் அதில் எழுதி வைப்பேன். ஆடி, கண்டக்டர் சார், காக்கி பேண்ட், இடுப்பு முப்பத்தாறு. ஐப்பசி, முப்பத்திநாலு. தை, முப்பத்தொன்று. மூன்றும் என் கையெழுத்து. நானும் இப்படித்தான் இளைத்தேன். என் ரவிக்கைகளை நானே மூன்று முறை பிடித்துத் தைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் ஐந்து அங்குலம் போன உடம்பை என் கையாலேயே டேப் வைத்து அளந்துவிட்டு, வேவு பார்க்க வந்தாயா என்று கேட்டு அனுப்பினேன். ஊர் என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தது என்று எத்தனை நாள் பொருமியிருப்பேன். எனக்கு எதிரே ஒன்றரை அடி தூரத்தில் நின்றவரை நான் பார்க்கவில்லை.

முப்பத்தொன்றுக்குப் பிடித்த அந்தக் காக்கி பேண்ட் இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது. தம்பி கேட்டார், கொடுக்க மனசு வரவில்லை. இப்போதெல்லாம் பேண்ட்டோ ரவிக்கையோ இடுப்பு லூசாகிவிட்டது என்று யார் வந்தாலும், துணியை வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். எத்தனை நாளா இப்படி, சாப்பிடுறீங்களா, ஈறுல ரத்தம் வருதா, டாக்டர்கிட்ட போனீங்களா, கூட வர ஆள் இருக்கா. தைக்க வந்த இடத்தில் இவளுக்கு என்ன இதெல்லாம் என்று சிலர் முறைக்கிறார்கள். போன வாரம் ஒருத்தர் துணியைப் பிடுங்கிக்கொண்டே போய்விட்டார். நானும் விடாமல் சந்து முனைவரை பின்னாலேயே போய், அந்தக் கீழ்த்தளத்து அறைக்கு எப்படிப் போவது என்று அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.